இருநூறு பேரை உட்காரவைத்தவர்

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினேழு வருடம் உட்கார்ந்திருப்பவருக்கு மனிதர்களைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்துபோகும். எல்லோருக்கும் அவசரம் என்பது ஒன்று. தனக்கு மட்டும்தான் அவசரம் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இன்னொன்று. டோக்கன் அக்காவுக்கு இரண்டும் மூன்றாவது மாதத்திலேயே தெரிந்துவிட்டன. மீதிக் காலம் அவற்றைச் சரிபார்ப்பதில் போயிற்று.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அச்சாகியிருக்கிறது. அட்டை எப்போதும் திரும்பியே தொங்குவதால் யாரும் படித்ததில்லை. டாக்டர் "ஏம்மா டோக்கன்" என்பார், நர்சுகள் "டோக்கன் அக்கா" என்பார்கள், நோயாளிகள் "மேடம், என் நம்பர் எப்ப வரும்?" என்பார்கள்.

அவருடைய வேலை சொன்னால் சுலபம். வருகிறவருக்கு அட்டைச் சீட்டில் எண் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காரவைக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில்தான் மனிதர்களுக்கு ஊரிலுள்ள எல்லா வேலையும் ஞாபகம் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் எழுந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி மேசைக்கு வருவார். அக்கா தலை நிமிராமல் சொல்வார்: "உட்காருங்க. கூப்பிட்டா வாங்க."

சத்தம் போட்டுச் சொல்வதில்லை. கோபமும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. ஆனால் அந்தக் குரலுக்கு முழங்கால்கள் தாமாக மடங்கும். ஒருமுறை நடைபாதையில் கோப்போடு வேகமாகப் போய்க்கொண்டிருந்த டாக்டரே சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, தான் ஏன் உட்கார்ந்தோம் என்று கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அன்றைய சீட்டுகள் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து. பதினேழு வருடத்தில் அக்கா செய்த எதுவும் அடுத்த நாள் காலையைப் பார்த்ததில்லை. இதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எதிரிப் படையில் இருக்கிறார்.

அந்த எதிரி, அக்காவின் கணவர். லிப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் கரடிப் படை வீரர். அந்த விளையாட்டில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நிலப்பரப்பில் இரண்டு படையாகப் பிரிந்து, மூன்று மாதம் ஓயாமல் கோட்டைகளைப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பார்கள். ஆந்தைப் படை, கரடிப் படை. நாலு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அக்கா எட்டிப் பார்த்து, "இது என்னங்க, எனக்கும் சொல்லித்தாங்க" என்றார்.

"உனக்கு எதுக்கும்மா இது? ஒரே நேரத்துல ஐந்நூறு பேரைச் சமாளிக்கணும். தலை சுத்தும்."

 அக்கா அன்றே இன்னொரு கணினியை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் வைத்து, ஆந்தைப் படையில் சேர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து கூடத்தின் நடுவே ஒரு திரை. குளியலறைக்காக வாங்கியது, மீன் படம் போட்டது. ஜன்னலோரம் கரடி, வாஷிங் மெஷின் ஓரம் ஆந்தை. கரடிக்குக் காற்று வரும். ஆந்தைக்குத் துணி பிழியும் நேரத்தில் மேசை ஆடி, விட்ட அம்பு பக்கத்து ஆள் முதுகில் குத்தும். இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள்: திரைக்கு அந்தப் பக்கம் காதில் விழுந்ததை இந்தப் பக்கம் போரில் பயன்படுத்தக் கூடாது, மீறினால் ஜன்னலோரம் கிடையாது. ஏற்கெனவே ஜன்னலோரம் இல்லாத அக்கா மீறினால் என்ன தண்டனை என்று அதில் இல்லை. அக்கா மீறுவார் என்று யாருக்கும் தோன்றவில்லை, சட்டத்தை எழுதிய லிப்ட்காரருக்குக்கூட.

பெரும்படைப் போர் என்பது என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நல்ல நாளில் அது சொர்க்கம். இருநூறு பேர் ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் மலையிறங்குவார்கள். இருநூறு கேடயமும் ஒரே பக்கம் திரும்பும். அந்தக் கணத்தில் மருத்துவமனை, வாஷிங் மெஷின், முட்டிவலி எதுவும் கிடையாது. அக்காவுக்கு முதல் தடவை அது நடந்தபோது கையில் மயிர் சிலிர்த்து, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

கெட்ட நாள்தான் அதிகம். ஞாயிறு முழுக்க உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டையை, செவ்வாய் காலை பதினொரு மணிக்கு, உலகத்தில் எல்லோரும் வேலையில் இருக்கும் நேரத்தில், வேலைவெட்டி இல்லாத பன்னிரண்டு பேர் வந்து சாவகாசமாக எடுத்துக்கொண்டு போவார்கள். ஜெயிக்கிற பக்கம் பார்த்து வாரத்துக்கு ஒருமுறை படை மாறுகிறவர்கள் உண்டு; மாறிய அன்றே விசுவாசத்தைப் பற்றி அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். இருநூறு பேரில் நூற்றுத் தொண்ணூறு பேர் தளபதிகள். மீதிப் பத்துப் பேரில் ஒன்பது பேர் டீ போடப் போயிருப்பார்கள். சுவர் கட்டக் கல் சுமக்க ஒருவர் இருப்பார்.

அந்த ஒருவர் டோக்கன் அக்கா.

அவர் வெட்டியதும் கொன்றதும் குறைவு. கல் சுமந்தார். வரிசை பார்த்தார். ஒரு கோட்டைக்குள் ஒரு படைக்கு இருநூறு பேர்தான் நுழைய முடியும். மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். முன்பு அதற்கே உள்நாட்டுச் சண்டை நடக்கும். அக்கா வந்ததும் எண் கொடுத்தார். டீ போடப் போனவரை வெளியே தள்ளி, அடுத்த எண்ணை உள்ளே விட்டார். முணுமுணுத்தார்கள், ஆனால் வரிசையில் நின்றார்கள். இதற்காக, படை முழுவதுக்கும் கேட்கும்படி பேசுகிற உரிமை தளபதிக்கு அடுத்தபடியாக அவரிடம் இருந்தது. எண் கூப்பிடுவதற்கு மட்டும்.

தளபதிக்கு இடி என்று பெயர். ஒலிவாங்கியில் பேசினால் கேட்பவர் பல் ஆடும். பகலில் அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். "மெதுவா உட்காந்து பாருங்க சார், அவசரமே இல்ல" என்று ஒன்பது மணி நேரம் தணிந்த குரலில் பேசிச் சேர்ந்த அத்தனை சத்தத்தையும் இங்கே இறக்கிவைப்பார்.

இந்த மூன்று மாதப் பருவத்தில் ஆந்தைகளுக்கு வாய்த்தது நடுக்கோட்டை. பதினொரு வாரம் பிடித்துவைத்திருந்தார்கள். அக்கா அதன் கிழக்குச் சுவரைக் கட்டி முடித்துவிட்டு, மிஞ்சிய கல்லில் உள்முற்றம் முழுக்க பெஞ்சு போட்டார். பெஞ்சுக்கு ஆறு பேர் வீதம் முப்பத்தொரு பெஞ்சு. ஒவ்வொன்றிலும் எண் செதுக்கினார்.

இடி அதைப் பார்த்த அன்று படை முழுக்கச் சிரித்தது.

"அக்கா, இது கோட்டையா, உங்க ஆஸ்பத்திரியா?"

"இருநூறு பேரு கால் கடுக்க நிக்கறத எனக்குப் பாக்க முடியல தம்பி."

"அது பொம்மை அக்கா. பொம்மைக்குக் கால் கடுக்காது."

"கண்ணுக்குக் கடுக்குது. உங்களுக்கென்ன, நீங்க மெத்தையிலேயே இருக்கறவரு."

இந்தப் பெஞ்சு விஷயம் வெறும் கேலியோடு முடிந்திருக்கும், பருவ முடிவு விதி ஒன்று இல்லாவிட்டால். மூன்று மாதம் முடிந்ததும் நிலப்பரப்பு முழுக்கத் துடைக்கப்படும், கோட்டைகள் எல்லாம் மறையும். நடுக்கோட்டை மட்டும் விலக்கு. அதைக் கடைசி நிமிடத்தில் எந்தப் படை கையில் வைத்திருக்கிறதோ, அவர்கள் கட்டியதில் எது இடியாமல் நிற்கிறதோ, அது கட்டியவர் பெயரோடு அடுத்த பருவத்திலும் அப்படியே இருக்கும். கரடிகள் பிடித்துவிட்டால் ஒரு செங்கல் மிஞ்சாது.

மற்றவர்களுக்கு அது வெற்றி தோல்வி. அக்காவுக்கு மட்டும் அது வேறு. ஒரு திங்கட்கிழமையன்று, தான் ஞாயிற்றுக்கிழமை செய்த ஒன்று இன்னும் அங்கேயே இருப்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கடைசிப் போர் ஞாயிறு மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை. அதற்கான திட்டத்தை இடி அவரிடம் சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க வீட்டுல கரடி இருக்கு."

நாலு வருடமாகக் கல் சுமந்தவருக்கு அது சுருக்கென்றது. ஆனால் இதே பிரச்சினை திரைக்கு அந்தப் பக்கமும் இருப்பது அவருக்குத் தெரியும். கரடிகளின் தளபதி கொம்பன், லிப்ட்காரரை 'டோக்கன் புருஷன்' என்றுதான் கூப்பிடுவான். அவர் "மழை வரும்" என்றால்கூட, குடையை மடக்கி வைக்கிற ஆள்.

ஞாயிறு மதியம் இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

"உப்பு வேணுமா?" என்றார் லிப்ட்காரர்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"உப்புக்குத்தாம்மா கேட்டேன்."

"அப்ப வேணாம்."

நாலு மணிக்குத் திரை இழுக்கப்பட்டது. அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அனிச்சையாக வாஷிங் மெஷினையும் போட்டுவிட்டார். ஞாயிறு நாலு மணி என்றால் துணி துவைக்கிற நேரம், கை கேட்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. ஆந்தைகள் நானூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள்; அக்கா எண் கூப்பிட்டு, விழுந்தவருக்குப் பதில் ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்குக் கிழக்குச் சுவர் விழுந்தது, அவர் கட்டியது. ஐந்து பத்துக்கு வடக்குச் சுவர். கூட்டம் தாங்காமல் விளையாட்டே திணறி, எங்கேயும் ஆள் நகர்வது தாமதமாகவே தெரிந்தது. வாளை ஓங்கினால் அது இறங்குவதற்குள் எதிராளி செத்து, எழுந்து, மறுபடி வந்து நின்றான். ஐந்து இருபதுக்கு இடி, "எல்லாரும் வாசலுக்கு" என்று தொடங்கிப் பாதியிலேயே காணாமல் போனார்.

அவருடைய மாமியார் இஸ்திரிப் பெட்டிக்கு இடம் தேடி, சுவரிலிருந்து ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். எது என்று பார்த்துப் பிடுங்குகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இடி மறுபடி உள்ளே வந்தபோது கோட்டைக்கு வெளியே, வரிசையின் கடைசியில் நின்றார். எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

உள்ளே தளபதி இல்லை என்பது தெரிந்த அடுத்த நொடி நூற்றுத் தொண்ணூறு தளபதிகள் வேலைக்கு வந்தார்கள்.

"வாசலை மூடுங்கடா."

"வாசலே இல்லடா, எதை மூட?"

"எல்லாரும் என் பின்னாடி வாங்க."

"நீ யாரு முதல்ல? போன வாரம் கரடியில இருந்தவன்தான நீ?"

வெளியே கொம்பனின் இருநூறு பேர் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த விளையாட்டில் நிற்பவர் தலைக்கு மேலே அவர் பெயர் மிதக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். ஆந்தைகளின் பெயர்கள் கோட்டைக்கு மேலே கொசுக்கூட்டம் மாதிரிச் சுற்றிச்சுற்றி வந்தன. உள்ளே எத்தனை பேர், எந்த மூலை காலி என்று கொம்பன் நின்ற இடத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தான்.

அக்காவின் காதில் எண்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். திங்கட்கிழமை காலை, சொட்டு மருந்து போட்ட கூட்டம், மின்சாரம் போன நேரம்: அதே சத்தம். அவர் யோசித்துப் பேசவில்லை. திட்டம் என்று எதுவும் அவருக்குக் கிடையாது. பேசும் பொத்தானை அழுத்தினார், பதினேழு வருடப் பழக்கம் வாயைத் திறந்தது.

"எல்லாரும் உட்காருங்க. கூப்பிட்டா மட்டும் எழுந்திரிங்க."

உட்கார்ந்தார்கள்.

கத்திக்கொண்டிருந்தவன் வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிட்டு உட்கார்ந்தான். போன வாரக் கரடி உட்கார்ந்தான். முப்பத்தொரு பெஞ்சிலும் ஆறாறு பேராக நூற்று எண்பத்தாறு பேர் உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காமல் நின்றவர்கள், அக்காவையும் சேர்த்து, பதினான்கு பேர். எந்த ஆஸ்பத்திரியிலும் பெஞ்சு போதாது.

அப்போதுதான் அவர் மேலே பார்த்தார். கோட்டைக்கு மேல் மிதந்த பெயர்கள் காணாமல் போயிருந்தன. உட்கார்ந்தவர் பெயர் தெரியாது என்பது விளையாட்டின் விதிகளில் எங்கேயோ எழுதியிருக்கிறதாம். போரின் நடுவே எவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்?

வெளியிலிருந்து பார்த்தால், சண்டை போட்டுக்கொண்டு ஆந்தைகள் எல்லோரும் ஓடிப்போய்விட்ட மாதிரி. பதினான்கு பேர் மட்டும் பாக்கி.

அக்காவுக்கு ஒரு கணம் இனித்தது. அடுத்த கணம் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். திரை. அவர் அதைச் சொன்னது தாழ்ந்த குரலில்தான், ஆனால் அது மருத்துவமனைக் கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்கிற தாழ்ந்த குரல். அந்தப் பக்கம் ஆறடித் தூரத்தில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. மீன் படத் திரை அசையவில்லை. ஏதோ பேச்சுக்குரல் கேட்ட மாதிரி இருந்தது. வாஷிங் மெஷின் சரியாக அந்த நேரத்தில் பிழிய ஆரம்பித்து, அதை விழுங்கிவிட்டது.

சட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

கரடிகள் வந்தார்கள். கேடயத்தை முதுகில் போட்டுக்கொண்டு, ஒருவனோடு ஒருவன் பேசிக்கொண்டு, காலி வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் மாதிரி இடிந்த வாசல் வழியாக நுழைந்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதைகளில் நீளநீளமாக நிறைந்தார்கள். புகையிலும் புழுதியிலும் முன்னால் வந்தவனுக்குப் பெஞ்சில் ஆள் இருப்பது தெரிவதற்கு இரண்டு நொடி ஆனது.

"ஒண்ணுலேர்ந்து அஞ்சாவது பெஞ்சு வரைக்கும் எழுந்திரிங்க," என்றார் அக்கா.

முப்பது பேர் எழுந்தார்கள்.

"அவசரப்படாதீங்க. பத்தாவது பெஞ்சு வரைக்கும் வாங்க. இருபத்தெட்டு, உங்கள நான் கூப்பிடல, உட்காருங்க."

இருபத்தெட்டாம் பெஞ்சு உட்கார்ந்தது. கரடிகள் முன்னால் எழுந்தவர்களைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். பின்வாங்கிய இடத்தில் அடுத்த பெஞ்சு எழுந்தது. அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் எழுந்தார்கள். ஆந்தைகள் நாலு வருடத்தில் ஒரு நாள்கூட இப்படி அடங்கிச் சண்டை போட்டதில்லை. ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கொம்பன் பதினேழாம் பெஞ்சின் காலடியில் விழுந்தான்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான் இடி. வெளிய நிக்கறேன். என்ன நடக்குது உள்ள? என் நம்பர் எப்ப வரும்?"

"இருநூத்திப் பன்னெண்டா? வரும் தம்பி. உட்காருங்க, கூப்பிடறேன்."

இடி உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஆறு மணிக்கு எல்லாம் நின்றது. கணினித் திரையில் முடிவு அறிவிப்பு வந்தது. நடுக்கோட்டை: ஆந்தைகள். சுவர்கள் இல்லை, கோபுரம் இல்லை, வாசல் இல்லை. நிற்பவை: பெஞ்சு, முப்பத்தொன்று. கட்டியவர்: டோக்கன்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை.

மீன் திரை மெதுவாக விலகியது. லிப்ட்காரர் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் இருப்பவர் மாதிரி நின்றார்.

"ஏம்மா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நீ உட்காரச் சொன்னது காதுல விழுந்துது."

"விழாம இருக்குமா?"

"கொம்பன்கிட்ட சொல்லிட்டேன். உள்ள இருநூறு பேரும் உட்கார்ந்திருக்காங்க, போகாதீங்கன்னு. வாய் கேக்கலம்மா."

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சொல்லிட்டீங்களா? அப்புறம் ஏன் வந்தாங்க?"

லிப்ட்காரர் தரையைப் பார்த்தார். "'டோக்கன் புருஷனே போகாதேங்கறான், அப்ப உள்ள பதினாலு பேருதான், எல்லாரும் கிளம்புங்க'ன்னுட்டான்."

வாஷிங் மெஷின் வேலை முடிந்து மணி அடித்தது. அக்காவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் தண்ணீராக வந்தது. லிப்ட்காரர் முதலில் முறைத்துப் பார்த்தார், பிறகு அவருக்கும் தாங்கவில்லை.

"கரடி விடறவங்கன்னு பேர் எடுத்தா இப்படித்தான்," என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்ல."

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"மன்னிச்சுட்டேன். ஜன்னலோரத்தக் காலி பண்ணுங்க."

சட்டம் சட்டம்தான். அன்று மாலையே மேசைகள் மாறின.

திங்கட்கிழமை காலை அக்கா வழக்கம்போல் ஒன்றாம் எண்ணிலிருந்து எழுதத் தொடங்கினார். சாயங்காலம் சீட்டுகள் கூடைக்குப் போயின. டாக்டர் கடந்துபோகும்போது, "என்னம்மா டோக்கன், இன்னிக்கு ஏதோ சந்தோஷமா இருக்கீங்க?" என்றார். "பெஞ்சு போதல டாக்டர், பதினாலு பேரு நிக்கறாங்க" என்றார் அக்கா. சொல்லப்போனால் அன்று நின்றவர்கள் மூன்றே பேர்.

புதிய பருவம் அன்று மாலையே திறந்தது. முதல் இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, ஊர் சுற்றிப் பார்க்கலாம். அக்கா ஜன்னலோரக் காற்றில் உட்கார்ந்து உள்ளே நுழைந்து நடுவெளிக்கு நடந்தார். கோட்டை இருந்த இடத்தில் புல். புல்லுக்கு நடுவே முப்பத்தொரு பெஞ்சு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, எதிரே ஒன்றுமில்லாத வெளியைப் பார்த்தபடி நின்றன. ஒன்றாம் எண் பெஞ்சின் ஓரத்தில் அவர் பெயர்.

பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் புதியவர்கள், ஆந்தையும் உண்டு, கரடியும் உண்டு. அக்கா பக்கத்தில் போய் அவர்கள் பேசுவதைக் கேட்டார்.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"தெரியல. நான் வந்தப்பவே நாலு பேரு உட்கார்ந்திருந்தாங்க."

"எதுக்காக உட்கார்ந்திருக்கோம்?"

"கூப்பிடுவாங்க போல."

மேசை ஆடுகிற சத்தத்துக்கு நடுவே, வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, நானும் எட்டாம் பெஞ்சுல உட்கார்ந்துட்டேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

அக்கா தலை நிமிராமல், வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்.